இரும்பென்றால் கழுவலாம்

11.2.73
போன வருடம் அளவெட்டிப் பெடியளிடம் நாங்கள் தோற்றது காலால் இல்லை, கையால். கயிறு உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். வருடப்பிறப்புக் கயிறிழுத்தலுக்கு இந்த முறையும் பதினைந்து பதினாறு வயதுப் பெடியளைப் பழக்கும் வேலை என் தலையில். அரசாங்கத்தின் புள்ளித் தரப்படுத்தலில் கம்பஸ் அனுமதியை இழந்து வீட்டில் கிடப்பவனுக்கு வேறென்ன வேலை என்று சனசமூக நிலையத்தில் எல்லோருக்கும் நினைப்பு. இருக்கட்டும். அமத்தி அமத்திக் கையைப் பலப்படுத்துகிற கிறிப்பர் வேண்டும். மலிவாக வேண்டும்.

13.2.73
யாழ்ப்பாணம் போனேன். விளையாட்டுச் சாமான் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரேயொரு சீமைக் கிறிப்பர். இறக்குமதி நின்றதிலிருந்து அதற்கு யானை விலை. பல்லைக் கடித்து அமத்தியும் எனக்கே பிடிகள் முட்டவில்லை. பெடியளிடம் கொடுத்தால் மணிக்கட்டுத்தான் பிசகும். பத்துத் தரம் அமத்த முடிய வேண்டும், கடைசி இரண்டும் கஷ்டப்பட வேண்டும். வளரும் கைக்கு அதுதான் அளவு.

வரும் வழியில் கதிரவேலு அண்ணையின் பட்டறை. பழைய கார் சீற்றுக் கம்பியில் தானே சுருட்டித் தருகிறாராம். பிடியை மரத்திலும் போடலாம், இரும்புக் குழாயிலும் போடலாம். மரம் மலிவு, கையை வெட்டாது, வியர்வையைக் குடிக்கும். மரம்தான். மாதிரிக்கு ஒன்று வாங்கி வந்தேன்.

15.2.73
மற்றவர்கள் முகம் சிவந்து அமத்திய கிறிப்பரை நாகமணி சிரித்துக் கதைத்துக்கொண்டே ஒற்றைக் கையால் மூடினான். தகப்பன் கள்ளுச் சீவுகிறவர், இவனும் சின்னனிலிருந்து மரம் ஏறுகிறான். "பனையோடை பார்த்தால் இது பஞ்சு அண்ணை" என்றான். அவனை அணியில் சேர்க்க நான் பட்ட பாடு! இப்போது எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். வெற்றி வேண்டுமே.

18.2.73
நிலையத்தில் கூட்டம். தலைவர் ஆழ்வாப்பிள்ளை கேட்ட ஒரே கேள்வி, மரமா இரும்பா என்பது. மரம், அதுதான் மலிவு என்றேன்.

"இரும்பாய்ப் போடு தம்பி. இரும்பெண்டால் கழுவலாம்."

எல்லாத் தலையும் ஆடியது. கூடுதல் செலவைத் தன் வெங்காயக் காசில் தருகிறாராம். பெடியளின் வியர்வை, சிரங்கு எல்லாவற்றையும் யோசித்திருக்கிறார். மனுசன் பரவாயில்லை.

4.3.73
கிறிப்பர்கள் வந்துவிட்டன. இரும்புப் பிடி எல்லோருடைய கையையும் கடிக்கிறது. பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றிவிட்டேன்.

5.3.73
ரியூப்பை யாரோ உரித்துவிட்டார்கள். அதில் அழுக்கு நிற்குமாம், செயலாளர் பஞ்சலிங்கம் அண்ணை சொல்கிறார். இந்த ஊருக்கு எப்போதிருந்து இவ்வளவு சுத்தம்?

25.3.73
எழுதிவிட வேண்டும்.

பழக்கம் முடிந்து பாதி வழியில்தான் விசிலை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போனேன். கிணற்றடியில் பஞ்சலிங்கம் அண்ணை. வாளிக்குள் எங்கள் கிறிப்பர்கள். தண்ணீர் மஞ்சள்.

என்ன அண்ணை செய்யிறியள்?

விசரனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியாதோ? ஒவ்வொரு நாளும் உவன் போன பிறகு கழுவிறதுதானே. தாய் தேப்பன்மார் பிறகு பிள்ளையளை விடுவினமோ?"

உவன். நாகமணி. இவர்தான் போன கிழமை மேடையில் தமிழன் எல்லோரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று தொண்டை கிழியக் கத்தினவர்!

கயிற்றையும் கழுவுவீர்களோ என்று கேட்டேன். அதற்கும் முடிவெடுத்தாயிற்றாம். நாகமணிதான் கடைசி ஆள். நுனி அவனுக்கு. போட்டி முடிய அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிடுவார்களாம். சந்தையில் கத்தரிக்காய் விலை சொல்கிற குரல்.

எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியேல்லை. கிறிப்பர் எடுக்கிற வரிசையிலை நாகமணி எப்பவும் கடைசி — பலசாலி கடைசியிலை எண்டு நானெல்லே அதுக்கு நியாயம் கண்டுபிடிச்சனான்? பெடியள் முதல் நாளே தாங்களாய் நிண்ட வரிசை அது. பதினைஞ்சு வயசிலை. ஆர் சொல்லிக் குடுத்தது? ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டினம். சொல்லத் தேவையில்லை. அதுதான் பயமாயிருக்கு.

26.3.73
நாகமணியிடம் போனேன். வளவில் பாளைக்கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். சொல்லி முடிக்கு முன்னமே தலையாட்டினான்.

"ஓம் அண்ணை. கிறிப்பரை எடுக்கேக்கை மஞ்சள் மணக்கும். நீங்கள் மணக்கேல்லையோ?"

என் மூக்குக்கு என்ன நடந்தது?

கயிற்றைப் பற்றியும் சொன்னேன். கத்தியை நிறுத்திவிட்டு, எவ்வளவு துண்டை வெட்டுவார்கள் என்று கேட்டான். உன்னுடைய கை பட்ட இடம் மட்டும் என்றேன். யோசித்தான். போட்டிக்கு வருவியோ என்று கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது. கேட்டேன்.

"வாறன்."

14.4.73
முன் வரிசைக் கதிரையில் ஆழ்வாப்பிள்ளை, புது வேட்டி. கயிறு நிலத்தில் நீளமாய்க் கிடந்தது. நான் பெயர் கூப்பிட முன்னமே நாகமணி நடுவில் இறங்கினான். ஒரு நுனியைத் தூக்கினான். கயிற்றைக் கைக்குள் ஓடவிட்டபடி மற்ற நுனி வரை நடந்தான். ஆறுதலாக. ஒரு சாணும் மிச்சம் விடவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "கயிறு நல்லாயிருக்கு அண்ணை" என்றான்.

சனம் அவனை அடித்துக் கொன்றுவிடும் என்று நினைத்தேன். யாரோ ஒரு தகப்பன் மகனுடைய பெயரைக் கூப்பிட்டார். பிறகு இன்னொருவர். எங்கள் பெடியள் ஒவ்வொருவராய்க் கழன்று போனார்கள். ஆழ்வாப்பிள்ளையின் கடைக்குட்டி அருட்பிரகாசம் மட்டும் நின்றான். தகப்பனைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான். குனிந்து பிடித்தான்.

நடுவரிடம் போய் எங்கள் பக்கம் பெடியள் இருவர்தான் என்றேன். அவர் கொடியை மடித்துக்கொண்டு போனார். இழுக்காமலே தோற்றோம்.

15.4.73
நிலையத்துப் பூட்டின் திறப்பைக் கேட்டு ஆள் வந்தது. கொடுத்துவிட்டேன்.

22.4.73
கதிரவேலு அண்ணையின் பட்டறைப் பின்பக்கத்தில் பழக்கம். மாதிரிக்கு வாங்கிய மரப்பிடிக் கிறிப்பர் என்னிடம்தானே இருந்தது. அது ஒன்றே போதும். நாகமணி வந்து அமத்திக்கொண்டிருந்தான். வெயில் சரிந்த பிறகு அருட்பிரகாசம் வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து நுழைந்து வந்தான். இரண்டு உள்ளங்கையும் மஞ்சள். போட்டி அன்றிலிருந்து, வெளியே போய் வரும் ஒவ்வொரு முறையும் தேய்த்துக் கழுவினால்தான் தாய் குசினிக்குள் விடுகிறாவாம்.

நாகமணி அவனுடைய கையைப் பிடித்து மூக்கில் வைத்து மணந்து பார்த்தான்.

"இப்ப உனக்குமோடா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நாகமணி கிறிப்பரை நீட்டினான். பிடி வியர்வையில் நனைந்திருந்தது. அருட்பிரகாசம் அதைத் துடைக்கவில்லை. அமத்தத் தொடங்கினான்.