பஞ்சு வைத்த அரை மணி நேரம்

ஜூலை 2, செவ்வாய்

காலையிலிருந்து மழை. மூக்குக் காற்றை அளக்கும் மெஷினின் முகமூடியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், குழாய் மாற்றினேன். டேப் தீரப்போகிறது, சொல்ல வேண்டும்.

பதினொன்றாவது ஆளாக இவர், என் வீட்டுக்காரர். மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் வந்து, மனைவி வேலை பார்க்கும் க்ளினிக்கிலேயே டோக்கன் எடுத்து, வரிசையில் உட்கார்ந்து. ஒரு மூக்குத் துவாரத்தை டேப்பால் ஒட்டி, அதில் குழாய். மறு துவாரத்தால் மூச்சு. எவ்வளவு காற்று போகிறது, எவ்வளவு தடை என்று கம்ப்யூட்டரில் கோடு விழும். பிறகு மறுபக்கம். இரண்டு பக்கமும் தாராளம். குளிர்ந்த தகட்டை மூக்கடியில் பிடித்தும் பார்த்தேன். இரண்டு பக்கமும் பெரிய ஆவித் திட்டு.

"என்னைவிட உங்களுக்குத்தான் நல்லா போகுது."

"போறது எனக்குத் தெரியலையே, மல்லிகா."

எவ்வளவு அடைப்பு, பத்துக்கு எத்தனை என்று படிவத்தில் ஒரு கேள்வி. பத்து என்றார். எழுதிக்கொண்டேன். நம்பவில்லை.

ஜூலை 4, வியாழன்

வாங்க: மட்ட அரிசி, துணி சோப்பு, கொடிக் கயிறு. துணி எதுவும் காயவில்லை.

இவருக்கு மூக்கடைப்புக்கு ஆபரேஷன் ஆகி ஒரு வருடம். வேறு ஊரில் செய்தது. உள்ளே சதை வளர்ந்திருக்கிறது, வெட்டினால் சரியாகும் என்றார்கள். பயந்தவரைக் கட்டாயப்படுத்தி அனுப்பியது நான். அதன்பின் மூச்சே வரவில்லை என்கிறார். போர்ட் கொச்சி ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். கல்லுக்கு முன்னால் நிற்க முடியாமல் வேலையை விட்டு மூன்று மாதம். பகல் முழுக்க ஜன்னலோரம், வாய் திறந்தபடி.

சாயங்காலம் இவர் தம்பி முருகன் பள்ளுருத்தியிலிருந்து வந்தார். சாயா குடித்துக்கொண்டே கேட்டார்.

"மதினி, நீங்களே டெஸ்ட் எடுத்தீங்கள்லா. என்ன சொல்லுது?"

"ஒண்ணுமில்ல. எல்லாம் மனசுதான்."

இவர் எதிரிலேயே சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு தம்பியோடு கிளம்பிவிட்டார். குடையை எடுக்கவில்லை.

ஜூலை 5, வெள்ளி

இவர் போன் அணைந்து கிடக்கிறது. முருகனைக் கூப்பிட்டேன். "அண்ணன் மாடியில நிக்காரு மதினி, மழையில. உள்ள வந்தா மூச்சு முட்டுதாம்."

தலைவலி. சோறு வடித்தேன், சாப்பிடவில்லை.

ஜூலை 8, திங்கள்

புதிதாகச் சேர்ந்த டாக்டர் மேடம் பழைய ரிப்போர்ட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவருடையதை எடுத்து வைத்துக்கொண்டு, யார் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்றேன். ஸ்கேன் படத்தை விளக்கில் பிடித்து, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"நோக்கு மல்லிகா. வெட்டினதுல சதை மொத்தமா போயிருக்கு. காத்து நல்லா போகும். போறத உணர்றதுக்கு உள்ள ஒண்ணும் இல்ல. நம்ம மெஷின் போற காத்தத்தான் அளக்கும், கேட்டோ. அவர் பொய் சொல்லல."

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எட்டு வருடமாக அந்த மெஷினில் உட்காருகிறேன். எத்தனை பேரிடம் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினேனோ.

ஜூலை 9, செவ்வாய்

மேடம் வரச்சொல்லி, முருகன் இவரை க்ளினிக்குக் கூட்டிவந்தார். இவர் மெலிந்திருந்தார். ஐந்து நாள்தான்.

மேடம் உப்புநீரில் நனைத்த பஞ்சை, வெட்டிய சதைக்குப் பதிலாக அது இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் வைத்தார். அரை மணி காத்திருக்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி நேரத்தில் இவர் வாய் மூடியது. அதுவாக மூடியது. ஒரு வருடத்தில் முதல் தடவை.

"வருது, மல்லிகா. உள்ள வருது."

இவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. மெஷினில் மறுபடி அளந்தேன். முன்னைவிடக் காற்று குறைவு என்றது கோடு.

"இத இப்படியே வச்சுக்கிடலாமா, மேடம்?" என்று இவர் கேட்டார்.

கூடாது, புண்ணாகிவிடும் என்றார் மேடம். அந்த இடத்தை நிரப்பச் சில இடங்களில் சிகிச்சை இருக்கிறதாம். விசாரிக்கிறேன், உறுதி சொல்ல முடியாது என்றார். அதற்குள் அவசரமாக யாரோ கூப்பிட, பஞ்சை நீயே எடுத்துவிடு என்று சொல்லிப் போய்விட்டார்.

இடுக்கியை எடுத்தேன். "இன்னும் அஞ்சு நிமிஷம்," என்றார். பத்து நிமிடம் விட்டேன். "சேச்சி, இனி எத்ர நேரம்?" என்று வெளியே காத்திருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்தார்.

எடுத்தேன். வாய் திறந்துகொண்டது.

"நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"நீ மெஷின்ல இருந்தத சொன்ன."

திட்டியிருக்கலாம்.

முருகன் பஸ்ஸில் போய்விட்டார். இவர் என்னோடு படகில் வந்தார். உள்ளே இடம் இருந்தும் உட்காரவில்லை. முன்பக்கம் கம்பியைப் பிடித்து நின்றார். நல்ல காற்று.

"தெரியுதா?" என்று கேட்டேன்.

"கன்னத்துல தெரியுது."