கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

புதுப்பட்டினம்,
ஞாயிறு காலை

அன்புள்ள மருமகள் ஜெஸ்ஸிக்கு,

நாகர்கோவிலில் உன் அம்மா வீட்டில் நீயும் குழந்தை இனியனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோவையாக வருவதில்லை. அதனால் எழுதி, படமெடுத்து அனுப்புகிறேன். முதலில் சுருக்கம்:

1. பிரவின்குமார் எப்படி இருக்கிறான்.
2. நான் படித்ததும் டாக்டர் சொன்னதும்.
3. குழந்தையின் மாத்திரை.
4. நீ இப்போது வர வேண்டியதில்லை, அதற்கான காரணங்கள்.

முதலாவது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் இருக்கிறான். கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்திருப்பதால் பேச்சு வராது. ஆனால் கண் விழித்துப் பார்க்கிறான். காசநோய் மாத்திரைகளைப் பொடித்து மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கிறார்கள். காய்ச்சல் தணிந்திருக்கிறது. மூச்சு மட்டும் இன்னும் இயந்திரத்தின் தயவில். சிறுசேரி ஆபீஸ் ஏசியால் வந்த இருமல் என்று அவன் சொன்னதை நாம் எல்லோரும்தான் நம்பினோம். நீ உன்னையே நொந்துகொள்ளாதே.

இரண்டாவது. இந்த நிலைக்கு வந்த காசநோயாளிகள் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. டாக்டர் சுஷ்மிதாவிடம் காட்டினேன். "அது எல்லாரையும் கூட்டிப் போட்ட கணக்கு சார். இவருக்கு வயசு கம்மி, மருந்தும் கேக்குது. ஆனா எதையும் இப்ப உறுதியா சொல்ல முடியாது" என்றார். உன் அத்தையிடம் முன்பாதியை மட்டும் சொன்னேன். உனக்குப் பின்பாதியையும் எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிட்டேன்.

மூன்றாவது. இனியனுக்கு நோய் இல்லை என்றாலும் தடுப்பு மாத்திரையை ஒரு நாளும் விடாதே. கரைத்துக் கொடுத்தால் துப்புகிறான் என்றாய். அங்குள்ள நர்ஸைக் கேட்டுக்கொள். என் யோசனை வேண்டாம்.

நான்காவது. கல்பாக்கத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு வேலையிலேயே தலை நரைத்தவன் நான். தள்ளி நில், குறைந்த நேரம் நில், நடுவில் தடுப்பு வை. அந்தப் பாடத்தைத்தான் இந்த நோய்க்கும் வைத்துக்கொண்டேன். உங்கள் இருவரையும் ஊருக்கு அனுப்பினேன். உன் அத்தையை வீட்டிலேயே இருத்தினேன். நானும் தினமும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு பஸ் ஏறினேன்.

நேற்று நர்ஸ் அம்சா என்னை மடக்கிவிட்டார். "இன்னா பெரியவரே, டெய்லி அந்தாண்டயே நின்னுகினு கீற? உள்ள கீறது உன் புள்ளயா, புலியா? மாஸ்க்கு மாட்டிக்கினு கிட்ட போ" என்றார். சளியில் இப்போது கிருமி தெரியவில்லையாம். மாஸ்க் போட்டு ஒருவர் பக்கத்தில் உட்காரலாம் என்று டாக்டர் முன்பே சொன்னாராம். பயத்தில் எனக்குக் காதில் ஏறவில்லை.

உள்ளே போய் அவன் கையைப் பிடித்தேன். அவனும் பிடித்துக்கொண்டான். பிறகு என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்தான். யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தான். ஜெஸ்ஸி அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டான். என் கையை விடவில்லை.

காரணங்களை வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒன்றுகூட நிற்கவில்லை. குழந்தையை உன் அம்மாவிடம் விட்டுவிட்டு இன்றைய ரயிலுக்கே கிளம்பு. செங்கல்பட்டில் நிற்கும், பிளாட்பாரத்தில் இருப்பேன். உன் கர்த்தரும் எங்கள் முருகனும் வழித்துணையாக வரட்டும்.

நான்காவது தவறு, ஜெஸ்ஸி. வந்துவிடு அம்மா.

உன் மாமா,
பாலசுப்ரமணியன்