ஒரு குன்றிமணி எடை வயிரம்

கார்த்திகைத் திங்கள் பதினோராம் நாள், மழை விட்டு மூன்று நாழிகை கழிந்தபின் எழுதத் தொடங்கிய ஓலை.

கடல் எல்லை காப்பவரும், முத்துக் குளிப்போர் ஐந்நூற்றுவர்க்கு நிழலானவரும், நித்திலத்துறைக் கோமானுமாகிய பெருநற்சேந்தர் திருமுன், கார்முகை மலைநாட்டு வேந்தர் இளம்பூதரின் ஓலைநாயகம் நம்பிகூத்தன் தலை தாழ்த்தி அனுப்புவது. உங்கள் துறையில் அலை அளவோடு எழுக. போன தோணியெல்லாம் பொழுதோடு கரை சேர்க. இங்கு ஏரி நிரம்பியது, எல்லை அமைதி, வேந்தர் நலம்.

இவ்வோலையோடு வருவது, இளவரசியார் நெய்தற்கொடியார்க்கு எம் வேந்தர் செய்வித்த நிச்சய மோதிரம். அதன் வயிரம் ஒரு குன்றிமணி எடை. மூத்த இளவரசியார்க்கு வந்த வயிரம் ஒன்பது மஞ்சாடி, அதாவது பதினெட்டுக் குன்றிமணி எடை என்பதை அறிவோம். நிச்சய நாளில் மோதிரம் அவையில் கைமாறிச் சென்றபின், மணி நோட்டகர் அதன் எடையை உரக்கக் கூறுவது உங்கள் மரபு என்பதையும் அறிவோம். மூத்தவர் வயிரத்தில் இது பதினெட்டில் ஒரு பங்கு. அறிந்தே அனுப்புகிறோம்.

நோட்டகர் வாய் திறக்கும் முன் இவ்வோலை முழுதும் அவையில் படிக்கப்பட வேண்டும் என்பது எம் வேந்தரின் வேண்டுகோள். பேசியவர் பேசியபடியே எழுது, ஒரு சொல்லையும் திருத்தாதே என்பது நம்பிகூத்தனுக்கு அவர் இட்ட கட்டளை. ஆகவே அவைக்கு ஒவ்வாத பேச்சு சில இடங்களில் வரும். பொறுத்தருள்க. நம்பிகூத்தனின் பிழையும் வரும். அதையும் அவனே எழுதுகிறான்.

கார்முகையின் கருவூல வாயிலில் ஒரு கல் நிற்கிறது. அரசன் மணம் அரசனுடையது, இப்பொருள் நாட்டினுடையது என்று அதில் வெட்டியிருக்கிறது. எம் நாட்டில் அரசனுக்கென்று உள்ளது ஏரிக்குக் கீழே ஒரு வயல் மட்டும். சென்ற ஆண்டு மழை பொய்த்தது. உழவர் பங்கு போக நின்றது முப்பது கலம் நெல். மோதிரத்துக்கு முதல் அவ்வளவுதான்.

நம்பிகூத்தன் இருபத்திரண்டு ஆண்டு ஓலைநாயகம். மணிமுடியில் பதினாறு வயிரம் இருப்பதை அவன் வேந்தர்க்கு நினைவூட்டினான். ஒன்றைப் பெயர்த்தால் யார் எண்ணப் போகிறார்கள் என்றும் கேட்டான்.

"நான் எண்ணுவேன், நம்பியாரே" என்றார் வேந்தர். நாள்தோறும் அதைத் தலையில் சுமப்பவர் அவர். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

வைகாசியில் வேந்தரே கொல்லர் தெருவுக்கு நடந்தார். கொல்லரை அரண்மனைக்கு அழைக்கலாமே என்று நம்பிகூத்தன் சொல்லிப் பார்த்தான். முப்பது கலம் நெல்லுக்கு யாரும் இத்தனை படி ஏறி வரமாட்டார்கள் என்பது வேந்தரின் விடை. அவர் போன வீடு கொற்றிநங்கையுடையது. மணி பதிப்பதில் மலைநாட்டில் முதல் கை அவளுடையது. வாய் அதற்கும் முந்தியது.

"என்ன கல்லு வேணும்னு அப்புறம் சொல்லுங்க, ராசா. கையில எவ்வளவு இருக்கு? அத மொதல்ல சொல்லுங்க."

வேந்தர் சொன்னார். நம்பிகூத்தன் கூரையைப் பார்த்தான்.

"முப்பது கலமா? போன மாசம் எண்ணெய் வாணியர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாப்பது கொடுத்தாங்களே."

"அவருக்குச் செக்கு இருக்கு, அம்மா. எனக்கு நாடுதானே இருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். மலைநாட்டில் அவள் சிரித்தால் வேலையை ஏற்றுக்கொண்டாள் என்று பொருள்.

"வீட்டுல பழைய பொன்னு ஏதாச்சும் கெடக்கா?" என்று அடுத்துக் கேட்டாள். அரண்மனையை யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. மறுநாள் வேந்தர் தம் ஐம்படைத்தாலியைக் கொண்டுவந்தார். குழந்தையாய் இருந்தபோது அவர் கழுத்தில் அன்னையார் கட்டியது. கொற்றிநங்கை அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"பல்லுத் தடம் இருக்கே. யாரு கடிச்சது?"

"நான்தான்."

"நல்ல பொன்னு. அதான் பதிஞ்சிருக்கு."

பொன் செலவு அதனால் நீங்கியது. முப்பது கலமும் கல்லுக்கே ஆயிற்று. வணிகர் அந்த விலைக்கு இரண்டு கல் காட்டினார். ஒன்று மூன்று குன்றிமணி எடை. ஆனால் உள்ளே காகபாதம், காக்கைக் கால் போன்ற கறுப்புக் கீறல். மற்றது ஒரு குன்றிமணி. எட்டு முகமும் குறையாதது. உள்ளே நீர் போலத் தெளிந்தது. பெரியதை எடுக்கலாம் என்றான் நம்பிகூத்தன். அவையில் எடையைத்தான் சொல்வார்கள், கீறலைச் சொல்லமாட்டார்கள் என்பது அவன் வாதம். வேந்தர் இரண்டையும் சாளரத்து வெளிச்சத்தில் மாறி மாறிப் பிடித்தார்.

"அவைக்கு ஒரு பொழுதுதான் வேலை. போட்டுக்கொள்கிறவள் தினம் பார்ப்பாள்" என்றார். சிறியதை எடுத்தார்.

பிறகு கொற்றிநங்கை ஒன்று கேட்டாள். மோதிரம் போடப்போகிற கை என்ன வேலை செய்கிறது என்றாள். வேந்தர்க்குத் தெரியவில்லை.

"பொண்ணு பேசி ஆறு மாசம் ஆச்சுங்கறாங்க. அந்தக் கை என்ன பண்ணுதுன்னு ஒருத்தரும் கேக்கலியா?"

போர்க்களத்தில் நின்ற வேந்தர் அன்று முதன்முறை தலை குனிந்தார். ஆவணியில் நாங்கள் அனுப்பிய சிற்றோலை அவ்வாறு பிறந்தது. இளவரசியார் விடையாக விரலளவுக்கு முடிச்சிட்ட ஒரு நூலும் ஒரு வரியும் அனுப்பினார். அந்தக் கையால் தோணியின் சுக்கான் பிடிப்பதாக எழுதியிருந்தார். நூல் வலை நூல். கொற்றிநங்கை அதை மூக்கருகே கொண்டுபோனாள், தோணிக்குப் பூசும் கீல் மணத்தது.

"கயிறு இழுக்கற கை. கல்லைத் தூக்கி வெச்சா மாட்டிக்கும். பொன்னோட பொன்னா அமுக்கி வெக்கணும்" என்றாள்.

இனி நம்பிகூத்தனின் பிழை.

வயிரத்தின் அடியில் மெருகிட்ட வெள்ளித் தகடு வைத்து, பின்புறத்தைப் பொன்னால் மூடிவிட்டால், ஒளி பெருகிக் கல் மும்மடங்கு பெரிதாய்த் தோன்றும். பல நாட்டிலும் செய்வதுதான். ஒரு நண்பகலில் நம்பிகூத்தன் தனியே கொல்லர் தெருவுக்குப் போனான். தகடு வைத்து மூடச் சொன்னான். கொற்றிநங்கை அவனை நிமிர்ந்து பார்த்து, இது யார் வாக்கு என்று கேட்டாள். வேந்தரின் வாக்கு என்றான். இருபத்திரண்டு ஆண்டில் அரசர் பெயரால் அவன் சொன்ன ஒரே பொய் அது.

அவள் மறுக்கவில்லை. ஐந்தாம் நாள், நாளோலக்கம் நடக்கும்போது, ஒரு மண்சட்டியை ஏந்தி அவைக்குள் வந்தாள். அதை வேந்தர் முன் வைத்தாள்.

"சொன்னபடி தகடு வெச்சுட்டேன், ராசா. மூணு நாள் உப்புத் தண்ணியில போட்டிருக்கேன். அந்தப் பொண்ணு கை எங்க கெடக்குமோ அங்க போட்டேன். பாருங்க."

வேந்தர் குனிந்து பார்த்தார். பொன்னுக்கும் கல்லுக்கும் நடுவே எங்கோ உப்புநீர் புகுந்திருந்தது. தகடு கறுத்திருந்தது. வயிரம் செத்த மீனின் கண் போல இருந்தது.

"தகடு வைக்க யார் சொன்னது?"

"நீங்க சொன்னதாத்தான் சொன்னாங்க."

யார் சொன்னார்கள் என்று அவள் சொல்லவில்லை. நம்பிகூத்தன் பக்கம் திரும்பவும் இல்லை. வாய் மூடி நின்றிருந்தால் அவன் தப்பியிருக்கக்கூடும். அவன் முன்னே வந்தான்.

"நான்தான்" என்றான்.

"எதற்காக?"

"நித்திலத்துறை அவையில் உங்கள் தலை தாழக்கூடாது என்று."

"ஒரு குன்றிமணி என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை, நம்பியாரே. உமக்கு எங்கிருந்து வந்தது?"

அவன் தன் இலச்சினை மோதிரத்தைக் கழற்றி வேந்தர் காலடியில் வைத்தான். வேந்தர் அதை எடுத்து அவன் கையிலேயே திணித்தார். நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதி, இதே இலச்சினையை இட்டு, அந்த அவையிலேயே படிக்க அனுப்பு என்றார். நம்பிகூத்தனுக்குக் கிடைத்த தண்டனை இவ்வோலை. எழுதி இவ்வளவு தூரம் வந்தபின் அவனுக்கு இது தண்டனையாகத் தோன்றவில்லை. அவன் பணிசெய்யும் வேந்தர் இன்னார் என்று வேறெந்த ஓலையிலும் அவன் இவ்வளவு சொன்னதில்லை.

கொற்றிநங்கை தகட்டைப் பெயர்த்தாள். கல்லைக் கழுவினாள். கல் மீண்டும் தெளிந்தது. இப்போது வரும் மோதிரத்தின் அடி திறந்தது. வயிரம் விரலைத் தொடும். நீர் ஒருபுறம் புகும், மறுபுறம் வெளியேறும். கறுப்பதற்கு அதனுள் எதுவும் இல்லை.

மோதிரத்தை ஒப்படைத்துவிட்டுப் போகும்போது அவள் வாயிலில் நின்று திரும்பினாள். அந்தச் சொல்லையும் விடாமல் எழுதச் சொன்னார் வேந்தர்.

"கடலைத் தாங்கற மோதிரம் செஞ்சாச்சு. கடல்தான் நம்ம ஊர்ல இல்ல. சுக்கான் பிடிக்கற பொண்ணு இங்க வந்து எதைப் பிடிக்கும், ராசா?"

கல்லைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் கேட்டபோதெல்லாம் உடனே விடை சொன்ன வேந்தர், இதற்கு விடை சொல்லவில்லை. அன்று மாலை அவர் ஏரிக்கரையில் தனியே நின்றிருந்தார். நீர் மதகின் உச்சிப் படி வரை ஏறியிருந்தது.

ஆகவே நித்திலத்துறைக் கோமான் அருள்கூர்ந்து இவ்வாறு செய்விக்க. இளவரசியார் இவ்வோலையை முழுதும் கேட்டபின், ஏற்பதோ மறுப்பதோ அவர் உள்ளத்தின்படி ஆகுக. மறுத்தாலும் இரு நாட்டு நட்பில் ஒரு நூலும் அறாது. மணி நோட்டகர் எடையை உரக்கக் கூறுக. ஒரு குன்றிமணி. குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். பின் மோதிரத்தைத் திருப்பி, அதன் அடியையும் அவைக்குக் காட்டுக.

மலையுள்ள அளவும் இச்சொல் நிற்கும் என்பதற்குக் கார்முகையின் முகட்டு இலச்சினை இங்கே இடப்பட்டது. எழுதியவன் நம்பிகூத்தன். பிழை அவனுடையது, மோதிரம் வேந்தருடையது.

இலச்சினைக்குக் கீழே இளவரசியார்க்கு வேந்தர் தம் கையால் ஒரு வரி எழுதுவார். அதை நம்பிகூத்தன் படிக்கமாட்டான்.

"கொடி, எங்கள் ஊரில் கடல் இல்லை, நிரம்பிய ஏரி ஒன்று இருக்கிறது, அதில் இன்னும் தோணி இல்லை. வருவாயா?"