இடது காது

அண்ணனுக்கு,

எட்டுப் படங்களாக ஒரே ஆள் நடித்த உளவாளி வேடத்தை எனக்குக் கொடுத்ததற்கு ரசிகர்கள் பக்கம் பக்கமாகத் திட்டுகிறார்கள். நீயும் பார்த்திருப்பாய். "கோட்டு போட்டா பேங்க் கிளார்க் மாதிரி இருக்கான்" என்கிறார் ஒருவர். "பழைய ஆளு சும்மா நடந்து வந்தாலே போதும், இவன் ஓடி வந்தாலும் பத்தாது" என்கிறார் இன்னொருவர். சிரித்துக்கொண்டுதான் படித்தேன்.

பேர் போடாத ஒருவர் மட்டும் வேறு மாதிரி எழுதியிருக்கிறார். "இவனுக்கு இடது காது சுத்தமா கேக்காது. பின்னாடி வர்ற எதிரியை எப்படிக் கண்டுபிடிப்பான்?"

இது அம்மாவுக்குக்கூடத் தெரியாது. யாரோடு நடந்தாலும் அவர்களை என் வலப்பக்கம் விட்டே இத்தனை வருடம் சமாளித்துவிட்டேன்.

எழுதியது யாராக இருக்கும் என்று தயாரிப்பாளர் கேட்டார். தெரியாது என்றேன்.

சின்ன வயதில் இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வந்து மாடியில் விளையாடுவோம். எப்போதும் நீதான் உளவாளி, நான் எதிரி. ஒரே ஒரு நாள், "இன்னைக்கு நான்தான் உளவாளி" என்று அடம்பிடித்தேன். நீ ஓங்கி அறைந்தாய். காதில் ரத்தம் வந்தது. "சைக்கிள்ல இருந்து விழுந்துட்டான்மா" என்று நீ சொல்ல, நானும் தலையாட்டினேன்.

வியாழக்கிழமை என்னைக் காது டாக்டரிடம் அனுப்புகிறார்கள். எப்படி ஆனது என்று அவர் கட்டாயம் கேட்பார்.

நீயே சொல் அண்ணா. இப்போதும் சைக்கிள்தானா?

உன் தம்பி