முப்பத்தொரு காசோலைகள்

ஜனவரி 12

அன்பு மகளுக்கு,

நான் நலம். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. தாளை நான்காக மடித்து உறைக்குள் திணித்திருக்கிறாய். மூன்றாக மடித்தால் போதும் என்று எத்தனை முறை சொல்வது? கான்வென்ட்டில் எங்களுக்கு அதற்கே தனி மதிப்பெண் உண்டு.

பேத்திக்கு நான் அனுப்பிய பியானோ வந்து சேர்ந்ததா என்று தெரிய ஆறு நாள் காத்திருந்தேன். "வந்துவிட்டது, ரொம்பப் பெரிசாக இருக்கிறது" என்று ஒரே ஒரு வரி. பியானோ பெரிதாகத்தான் இருக்கும். அதை ஜன்னலோரம் வைக்காதே, ஈரக்காற்று ஆகாது. குழந்தை மணிக்கட்டைத் தொங்கவிடாமல் வாசிக்கப் பழக வேண்டும். நான்கு மாடி தூக்கிவந்ததில் உன் கணவருக்கு முதுகுவலி என்று எழுதியிருந்தாய். லிஃப்ட் பழுதுபார்ப்பவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை என்பது வேடிக்கைதான்.

இங்கே எனக்கு எந்தக் குறையும் கிடையாது. உன் அப்பா போனபின் இந்த வீட்டில் ஒரு பொருளும் இடம் மாறவில்லை. முன்னறைத் திரைச்சீலைகளை மட்டும் எடுத்துவிட்டேன். வெளிச்சம் நன்றாக வருகிறது. தொலைபேசி ஓயாமல் அடிக்கிறது, அதன்மேல் ஒரு தலையணையை வைத்திருக்கிறேன். ஆகவே நீ அழைக்காதே, எழுது. நேற்றுத் தப்பித்தவறி எடுத்துவிட்டேன். யாரோ ஓர் ஆள், "பாட்டிம்மா, எப்பதான் தரப்போறீங்க?" என்றான். "முதலில் வணக்கம் சொல்லப் பழகு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆசிகளுடன்,
உன் தாயார்


ஏப்ரல் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

மூன்றாகத்தான் மடித்திருக்கிறேன், அளந்து பாருங்கள்.

இன்று காலை என் வங்கிக் கணக்கைப் பார்த்தேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்கு உங்களுக்கு அனுப்பிய மூன்று காசோலைகளும் ஒரே நாளில் பணமாகியிருந்தன. திரும்பத் திரும்பப் பார்த்தேன். அம்மா, இரண்டரை வருஷத்துக்கு மேலாக மாதம் ஒன்று அனுப்புகிறேன். இதுவரை முப்பத்தொன்று. இன்றைக்கு முன்பு ஒன்றைக்கூட நீங்கள் வங்கியில் போட்டதில்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியதும் இல்லை. கடிதத்துக்குப் பதில் வரும். கூட இருந்த காசோலைக்கு வராது. ஒவ்வொரு மாதமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, 'இன்னும் கோபம் தீரவில்லை' என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் வராததை நான் வாய்விட்டுக் கேட்டதில்லை. இதையும் கேட்கவில்லை.

இவர் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். கிரீஸ் கையோடு வாசலிலேயே நின்றுவிட்டார். "அப்போ அத்தை என்னை ஏத்துக்கிட்டாங்களா?" என்றார். "மூணு மாசத்துக்கு மட்டும்" என்றேன். ரொம்ப நேரம் சிரித்தோம். பிறகு நான் கொஞ்சம் அழுதேன்.

உங்கள் பேத்தி வாலு இப்போது இரண்டு கையாலும் வாசிக்கிறாள். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுகிறார். அவள் அதையும் தாளம் என்று நினைத்துச் சேர்த்து வாசிக்கிறாள்.

விடுமுறைக்கு நாங்கள் மூவரும் அங்கே வரலாமா? மூவரும் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்


ஏப்ரல் 8

மகளுக்கு,

இதை உட்கார்ந்து படி.

அந்தக் காசோலைகளை வங்கியில் போட்டது நான் அல்ல. நான் திவால் மனு கொடுத்திருக்கிறேன். அந்தச் சொல்லை எழுதியாயிற்று, இனி மற்றதை எழுத முடியும்.

உன் அப்பாவின் ஓய்வூதியம் அவருக்குப் பின் பாதியானது. நான் செலவைப் பாதியாக்கவில்லை. முதலில் ஒரு கிரெடிட் கார்டு. அதன் தவணையைக் கட்ட இரண்டாவது. அதற்கு மூன்றாவது. நவம்பர் வரை ஒரு தவணையும் தாமதித்ததில்லை. அந்த ஒழுங்கைப் பாராட்டித்தான் நான்காவதும் ஐந்தாவதும் தாமாகவே தபாலில் வந்தன. பியானோ ஐந்தாவதில் வாங்கியது.

மனுவோடு வீட்டிலுள்ள எல்லாத் தாள்களையும் கொண்டுவரச் சொன்னார்கள். எல்லாம் என்றால் எனக்கு எல்லாம்தான். மேசை இழுப்பறையில் நாடா கட்டி வைத்திருந்த உன் காசோலைகளையும் எடுத்துப் போனேன். நீதிமன்றம் நியமித்த அதிகாரி ஒரு பெண், உன் வயது இருக்கும். நாடாவை அவிழ்த்தாள்.

"இதெல்லாம் என்ன மேடம்?"

"என் மகள் அனுப்பியவை."

"ஏன் பேங்க்ல போடல?"

"தேவைப்படவில்லை."

அவள் கால்குலேட்டரைத் தட்டினாள். பிறகு அதை என் பக்கம் திருப்பினாள். "மாசாமாசம் இதைப் போட்டிருந்தா நீங்க இந்தப் படியே ஏறியிருக்க வேண்டாமே மேடம்" என்றாள். கடைசி மூன்றைத் தவிர மற்றவை காலாவதியாகிவிட்டன. அந்த மூன்றையும் கடன்காரர்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று. இரண்டு ஆண்டுக்குள் உறவினருக்குக் கொடுத்த பரிசு உண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி. நான் பியானோ என்று எழுதினேன். அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, "பழசா இருந்தா விட்டுடலாம் மேடம். பழசுதானே?" என்றாள். "புத்தம் புதியது" என்றேன். சத்தியம் செய்து கையெழுத்திடும் தாள் அது. ஆகவே அதை எடுத்துப்போக உன் வீட்டுக்கு ஆள் வரும். நீதிமன்ற உறை வரும் முன் இது உன் கையில் சேர வேண்டும் என்று விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

காசோலைகளை ஏன் போடவில்லை என்று மட்டும் கேட்காதே. விடுமுறைக்கு இப்போது வர வேண்டாம். வீட்டைக் காலி செய்கிறேன்.

உன் தாயார்


மே 17

அம்மாவுக்கு,

நீதிமன்றத்து உறைதான் முதலில் வந்தது. உங்கள் கடிதம் மறுநாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். இவர் லீவு போட்டுவிட்டு இருந்தார். பியானோவின் கால்களை அவரே கழற்றி, எங்கள் கம்பளிகளைச் சுற்றிக் கட்டினார். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர்களோடு சண்டை. "மெதுவா, மெதுவா. அத்தை அனுப்பினது." "சார், இது ஏலத்துக்குப் போற சாமான்." "இருக்கட்டும், கீறல் விழக்கூடாது." நான்கு மாடியும் அப்படித்தான் இறக்கினார். மேலே வந்து, முதுகை நிமிர்த்த முடியாமல் தரையில் படுத்துக்கொண்டார்.

வாலு அழவில்லை. "பாட்டி திருப்பி வாங்கிக்கிட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மற்றதை விளக்குவதைவிட அது சுலபமாக இருந்தது.

அந்த மூன்று காசோலைக்காக நாங்கள் சிரித்தோம் என்று உங்களுக்கு எழுதியிருந்தேன். அதை எழுதியிருக்க வேண்டாம்.

காரணம் கேட்காதே என்கிறீர்கள். கேட்கவில்லை. உங்களுக்குப் பசித்தபோதுகூட என் பணத்தைத் தொட மனம் வரவில்லை என்பது மட்டும் எனக்குப் புரிகிறது. இனி காசோலை அனுப்ப மாட்டேன்.

உங்கள் மகள்


ஜூன் 5

அன்பு மகளுக்கு,

புது இடத்திலிருந்து எழுதுகிறேன். ஓர் அறை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் ஒரு லாண்டரியின் பின்சுவர். நாள் முழுவதும் ஆவி வந்துகொண்டிருக்கும். குளியலறை தாழ்வாரத்தின் கோடியில், நான்கு பேருக்குப் பொது. முறைப் பட்டியல் நான்தான் எழுதி ஒட்டினேன். ஒருவரும் அதன்படி நடப்பதில்லை.

குழந்தையிடம் நீ பொய் சொல்லியிருக்கிறாய். திருத்தச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

மனு ஏற்கப்பட்டுவிட்டது. கடன்கள் ரத்தாகும். இனி தலையணை தேவையில்லை, தொலைபேசியும் இல்லை. மாத வரவு செலவை எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு முறை எழுதியும் வாடகைக்குப் போதவில்லை. "உதவ யாராவது இருக்காங்களா மேடம்?" என்று அந்தப் பெண் கேட்டாள். நான் பேனாவை மூடி வைத்தேன். பிறகு, "மகள் இருக்கிறாள்" என்றேன். அவள் அதைக் குறித்துக்கொண்டாள்.

அடுத்த வரியை நான்கு தாள்களில் எழுதிக் கிழித்தேன். இந்த மாதம் எனக்குக் கொஞ்சம் பணம் அனுப்பு. பாதி வாடகை போதும். தொகையைக் கீழே எழுதியிருக்கிறேன்.

உன் அம்மா


ஜூலை 3

என் கண்ணே,

உறை வந்தது. கேட்ட தொகையேதான், ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காசோலையில் இருந்தது மாப்பிள்ளையின் கையெழுத்து. அவருடைய எழுத்தை நான் முதன்முதலாகப் பார்க்கிறேன். சாய்வில்லாமல் நேராக எழுதுகிறார். முதுகுவலி எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதாகச் சொல்.

உறைக்குள் இரண்டு முறை விரலை விட்டுப் பார்த்தேன். பிறகு மூன்று பக்கமும் கத்தரித்து விரித்துப் பார்த்தேன். காசோலையைத் தவிர வேறு தாள் இல்லை.

நீ கேட்காத காரணத்தைச் சொல்கிறேன். உன் கல்யாணத்தன்று காலையில் புடவை உடுத்தி, கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்தேன். அங்கே நின்றேன். மணி பத்தானது, பதினொன்றானது. பிறகு உள்ளே போய்ப் புடவையை மடித்து வைத்தேன். மாப்பிள்ளையின் வேலையைப் பற்றி நான் சொன்ன சொற்களைக் கல்யாணத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் கேட்டிருந்தார்கள் என்று உனக்குத் தெரியும். அந்த வீட்டுப் படியை மிதிக்காதவள் அந்த வீட்டுப் பணத்தை எந்த முகத்தோடு வாங்குவது? கோபம் என்று நீ நினைத்துக்கொண்டாய். கோபம் எனக்குக் கல்யாணத்தன்றே தீர்ந்துவிட்டது. அதைச் சொல்வதற்குப் பதிலாகப் பியானோ அனுப்பினேன்.

காசோலையை அன்றே வங்கியில் போட்டேன். போட்ட ரசீதை இணைத்திருக்கிறேன், மாப்பிள்ளையிடம் காட்டு.

நீ பதில் எழுத வசதியாக, என் புது விலாசம் எழுதிய உறை ஒன்றும் இதில் வைத்திருக்கிறேன். தாளை எப்படி மடித்து வைத்தாலும் சரி. தபால்தலை ஒட்டியிருக்கிறது.

அம்மா