அழித்த தண்ணீர்

ஜூன் 10, திங்கள்
கல்லூரி திறந்தது. ஆசிரியர் அறையில் திருமலைசாமி, "ஏனுங்க மெர்சி மேடம், உங்க கம்ப்யூட்டர் மாத்திரை எப்பங்க கடைக்கு வருது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
காசநோய்க் கிருமியின் புரதத்தில் ஒரு குழி; அதை அடைத்தால் கிருமி சாக வேண்டும். அதில் நான் வரைந்த பதினேழாம் மூலக்கூறு அச்சாக உட்காருவதைத் திரையில் பார்த்துக் கட்டுரை எழுதினேன். இப்போது அது நிஜக் கிருமியோடு சோதனைக்கூடத்தில். பலித்தால் கல்லூரிக்கு ஆராய்ச்சி மையம் கிடைக்கும். பதினோரு வருட வேலை. இங்கே அதைப் பற்றிப் பேச ஆளில்லை.

ஜூன் 19
முடிவு வந்தது. கிருமி சாகவில்லை.

ஜூன் 22, சனி
காலையிலிருந்து பழைய கோப்புகள். புரதத்தின் படத்தில் அங்கங்கே தண்ணீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும். கணக்கிடும் முன் மொத்தமாக அழிப்பது வழக்கம். ஒரே பொத்தான். அழித்தவற்றில் ஒன்று குழியின் அடியில் இருந்திருக்கிறது, லேசில் நகராத தண்ணீர். அதை வைத்துக்கொண்டு மறுபடி ஓட்டினேன். பதினேழுக்கு இடமில்லை.
பாக்காம அழிச்சுப்போட்டேனே - ஒரு தடவ பாத்திருக்கக் கூடாதா?

ஜூன் 24
கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று முதல்வர் அங்கப்பனிடம் சொன்னேன்.
"அடுத்த மாசம் மையத்துக்குப் பார்வையிட வாராங்க. சும்மா இருந்துபோடுங்க அம்மணி. அதையெல்லாம் ஆருங்க படிக்கறாங்க?"
நாற்பது பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்றேன்.
"அவுங்களும் படிச்சிருக்க மாட்டாங்க."

ஜூன் 25
கட்டுரை வந்த இதழுக்கு எழுதிவிட்டேன். நான்கு வரி. காரணம்: குழியின் அடியில் இருந்த தண்ணீரைப் பார்க்காமல் அழித்தது, என் பிழை.

ஜூலை 18
மையம் இல்லை என்றாகிவிட்டது. திருமலைசாமி இப்போது ஒன்றும் கேட்பதில்லை. முன்பு கேலியாவது இருந்தது.

ஆகஸ்ட் 3, சனி
மைசூரிலிருந்து நஞ்சுண்டன் என்பவர் அழைத்தார். சத்தியமங்கலத்துக்காரர், மைசூரில் இதே துறையில் ஆராய்ச்சி.
"ரெண்டு வருசமுங்க மேடம். உங்க கட்டுரைய நம்பி அதே குழிக்குள்ள கெடந்தேன்."
மன்னிப்புக் கேட்டேன்.
"அந்தத் தண்ணியோட நம்பர் என்னங்க?"
கோப்பில் ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு எண் உண்டு. இருநூற்றுப் பதினான்கு என்றேன்.
"இருங்க, தொறக்கறேன்." விசைகளைத் தட்டும் சத்தம். "ஆமாங்க, இருக்குதுங்க. இத எதுக்குங்க தள்ளோணும்? இதையும் சேத்துப் புடிச்சுக்கற மாதிரி புது மூலக்கூறு ஒண்ணு வரையலாமுங்களே?"
நானும் என் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஒரு மணி ஐம்பது நிமிடம் பேசினோம்.