திமிங்கிலம் சாகும் இடம்

9 ஜனவரி 2024, செவ்வாய்

காலையில் இருந்து மழை. மகள் ஜெயராணி ஆறு மணிக்கே பேராதனை ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்விட்டாள். மத்தியானம் பருப்பும் கருவாடும். பக்கத்து வீட்டு அஸீம் நானாவின் முன்னறையில் உட்கார்ந்து இதைச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். எனக்கு எழுத்துத் தெரியாது. கையெழுத்துக்கும் பெருவிரல்தான்.

பேங்க்கில் சும்மா கொடுத்த டயரி. கவர்மென்ட் கச்சேரி வாசலில் முப்பது வருஷம் ஊராருக்கு மனு எழுதிய நானாவின் கை, வீட்டில் சும்மா இருக்க மாட்டேன் என்கிறதாம். எனக்கோ சொல்ல இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் கஜேந்திரன் ஹங்கேரியில் இருந்து பேசுவான். அங்கே ஒரு வாத்தியக் குழுவில் ஊதிக்கொண்டிருந்தான். வாரம் முழுக்க நடந்ததை அவனுக்கென்று சேர்த்து வைத்துச் சொல்லுவேன். கலஹாவில் யார் வீட்டில் கல்யாணம், யார் விழுந்து காலை உடைத்தது, எல்லாம். அவன் போய் ஒரு வருஷமும் ஒரு மாதமும் ஆகிறது. சேர்த்து வைக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

“இயற்கை எய்தினார்” என்று நானா எழுதினார். வாசித்துக் காட்டியதும் வெட்டச் சொன்னேன். செத்துப் போனான். நியுமோனியா. நாற்பத்தொரு வயது. அங்கேயே எரித்துவிட்டார்கள். அவனுடைய கோட்டு ஒன்றும் ஒரு படமும் வந்தன.

“செத்துப் போனான்னு மனுவுல எழுதினா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான் அண்ணே,” என்றார்.

“இது மனு இல்ல நானா. எழுதுங்க.”

14 ஜனவரி, ஞாயிறு

நாளைக்குப் பொங்கல். போன் அடிக்கவில்லை. அடிக்காது என்று தெரியும். ஆனாலும் அவன் பேசுகிற மூன்று மணிக்குப் போன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

17 ஜனவரி, புதன்

முழங்கால் எண்ணெய் வாங்க நானாவோடு கண்டி டவுனுக்குப் போனேன். வழியில் அந்த வாத்தியக் கடை. கஜேந்திரன் பள்ளிக்கூட பேண்டில் இருந்த நாளில் அவனுடைய ஹோர்னுக்கு எண்ணெய் வாங்கிய கடை அது. நத்தை மாதிரிச் சுருண்ட குழல். தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் அதை ‘நத்தை’ என்றே சொல்லுவார்கள். கடையில் இப்போது முதலாளியின் மகள் ஷஹ்மா இருக்கிறாள். என்னைக் கண்டதும் எழும்பி வந்தாள்.

“அங்கிள், கஜன் அண்ணா ஊதின படம் ஈக்குதே, அந்தத் திமிங்கிலப் படம். அதுட மியூசிக் மட்டும் சீடியா வந்தீக்கி. ரெண்டு சீடி.”

வெளிநாட்டில் இருந்து எடுப்பிக்கவா என்று கேட்டு, அதைப் பற்றிய நோட்டீஸ் ஒன்றும் தந்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பஸ்ஸில் முழுக்க அந்தப் படத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மேகத்துக்குள் நீந்துகிற திமிங்கிலம் ஒன்று. அதன் முதுகில் ஒரு சின்னப் பெண். கடைசியில் புயலில் திமிங்கிலம் செத்துவிடும். அந்த இடத்துக்கு ஹோர்ன் ஒன்று தனியாக ஊத வேண்டும். பதிவு செய்த அன்றைக்கு முதலாவது ஹோர்ன்காரர் வரவில்லையாம், என் பிள்ளையைத்தான் ஊதச் சொன்னார்களாம். போனிலேயே எனக்கு ஊதிக் காட்டினான். மூன்று தரம். எனக்கு அது போதும். இப்போது கேட்டாலும் முதலில் இருந்து கடைசி வரை வாயால் சொல்லுவேன்.

ஒன்றை எழுத வேண்டும். சின்ன வயதில் அவனுக்கு இழுப்பு இருந்தது. எந்தப் பாட்டிலும் கடைசி இழுவைக்கு முன்னால் ஒரு மூச்சு எடுப்பான். பேண்ட் மாஸ்டர் அதற்காகவே கம்பால் தட்டுவார். ஹங்கேரியிலும் எடுத்திருக்கிறான். வாத்தியக் குழுவை நடத்துகிறவர் சிரித்துவிட்டு, திமிங்கிலமும் மூச்சு எடுக்க வேண்டும்தானே, அப்படியே இருக்கட்டும் என்றாராம். அதைச் சொல்லும்போது அவன் சிரித்த சிரிப்பு.

படத்தை ஜெயராணியின் போனில் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் இடி, காற்று, பிள்ளை கத்துகிறாள். ஹோர்ன் எங்கேயோ அடியில் கிடக்கிறது. மூச்சு கேட்கவில்லை. சீடியில் இடி இருக்காது. பாட்டு மட்டும் இருக்கும்.

அவன் பேசி அனுப்பியதெல்லாம் ஜெயராணியின் பழைய போனில் இருந்தது. போன வருஷம் அது தண்ணீரில் விழுந்து செத்தது. அவனுடைய சத்தம் என்று இனி உலகத்தில் இருப்பது இது ஒன்றுதான்.

23 ஜனவரி, செவ்வாய்

ஜெயராணியிடம் நோட்டீஸைக் காட்டிச் சொன்னேன். விலையைக் கேட்டதும் அகப்பையைக் கீழே வைத்தாள்.

“பேரக் காட்டுங்கப்பா. அதுல அண்ணன் பேரு எங்க இருக்கு? மியூசிக் போட்டவரு பேரு இருக்கு, படத்துப் பேரு இருக்கு. எழுவது எம்பது பேரு ஊதியிருப்பாங்க, அதுல ஒருத்தரு.”

“அந்த எடத்துல அவன் தனியா.”

“சரி, அத எதுல போட்டுக் கேப்பீங்க? சோத்துச் சட்டியிலயா?”

எனக்கும் கோபம் வந்தது. அவனோடு வாசித்தவர்கள் சேர்த்து அனுப்பிய காசு அப்படியே கிடக்கிறதே என்றேன். அது அண்ணன் காசு, அதைத் தொட எனக்கு மனசு வராது என்றாள். “அவன் காசுலதான் அவன் மூச்ச வாங்கச் சொல்றேன்,” என்று கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது.

24 ஜனவரி, புதன்

சோறு மட்டும் மூடி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

30 ஜனவரி, செவ்வாய்

மறுபடி ஷஹ்மா கடை. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் கேட்கலாம் என்று போட்டுக் காட்டினாள். திமிங்கிலம் சாகிறது பதினேழாவது. ஆரம்பத்தில் வயலின் இரைகிறது, ஹோர்ன் வரும்போது நின்றுவிட்டது. அவ்வளவுதான் விடுவார்களாம்.

“இப்ப எல்லாம் போன்லயே சும்மா ஈக்குதே புள்ள?” என்று நானா கேட்டார்.

“இது இல்ல அங்கிள். சின்னக் கம்பெனி. ஆயிரம் சீடிதான் அடிச்சீக்காங்க. நான் பொய் செல்ல மாட்டேன், இத வாங்கினா பொறகு திருப்பிக் குடுக்க ஏலாது. நல்லா யோசிச்சுச் செல்லுங்க.”

யோசிக்கிறேன். நான் கலஹா பக்கத்தில் தேயிலை பெக்டரியில் கொழுந்து உருட்டுகிற ரோலர் மெஷின் பார்த்தவன். ஆறு ரோலரும் ஓடினால் பக்கத்தில் நிற்கிற ஆள் கத்தினாலும் கேட்காது. அதற்குள் நாலாம் நம்பர் ஒரு சுற்றில் தவறினால் எனக்குத் தெரியும். ஐயாமாருக்கே நான்தான் சொல்லுவேன். அந்தக் காதுக்கே படத்தில் பிள்ளை அகப்படவில்லை என்றால்... சீடியிலும் இல்லாவிட்டால்? அப்போது என்ன செய்வேன்? வாங்காமல் இருந்தால் அதில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாவது இருக்கலாம்.

நானா பேனையைத் தூக்கி என்னைப் பார்த்தார். இதையும் எழுதவா என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

5 பெப்ரவரி, திங்கள்

ஜெயராணி மேசையில் ஒரு காசுக் கவரை வைத்தாள். “ஓடர் பண்ணுங்கப்பா.”

ஏன் என்று கேட்டேன். கவரை என் பக்கம் தள்ளினாள். “எனக்கு அண்ணன் கொரல் மறந்துகிட்டு வருது. நேத்து நெனச்சிப் பாக்குறேன், வரல.”

27 பெப்ரவரி, செவ்வாய்

வரவில்லை.

8 மார்ச், வெள்ளி

சிவராத்திரி. வரவில்லை. போஸ்ட்மேன் என்னைக் கண்டால் இப்போது தூரத்தில் இருந்தே கையை ஆட்டுகிறார், இல்லை என்று.

19 மார்ச், செவ்வாய்

வந்துவிட்டது. அட்டையில் நீல மேகம், அதற்குள் ஒரு கண். சின்னதாக, கையடக்கமாக இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்த சாமான் இன்னும் கனமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

நானாவுக்கு நோன்பு. உதடு காய்ந்து இருந்தார். ஆனாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே இருந்த சின்னப் புத்தகத்தை நெடுநேரம் வாசித்தார்.

“என்ன எழுதியிருக்கு நானா?”

“கம்பெனி விசயம் அண்ணே. பேரு, ஊரு.”

அவருடைய மருமகன் பவாஸின் வேனில் சீடி போடலாமாம். ஞாயிற்றுக்கிழமை வருவான்.

24 மார்ச், ஞாயிறு

கேட்டோம். ஜெயராணி அழுதாள். இன்றைக்கு இவ்வளவு போதும்.

27 மார்ச், புதன்

சொல்கிறேன்.

கெட்டம்பேயில் ஆற்றோரமாக வேனை நிறுத்தி, கண்ணாடி எல்லாவற்றையும் ஏற்றினோம். ஜெயராணி புதுச் சேலை கட்டி வந்திருந்தாள். பவாஸ் பதினேழாவதைப் போட்டான். வயலின் வந்தது. பிறகு ஹோர்ன் வந்தது. இடி இல்லை, கத்தல் இல்லை. பளிங்கு மாதிரி. வேனுக்குள் ஒருவரும் அசையவில்லை.

கடைசி இழுவை வந்தது. நான் சீட்டைப் பிடித்துக்கொண்டேன்.

மூச்சு எடுக்கவில்லை. ஒரே இழுப்பில் போய், மெல்ல மெல்ல இறங்கி, அப்படியே முடிந்தது. அழகாகத்தான் இருந்தது. அந்த பேண்ட் மாஸ்டர் கேட்டிருந்தால் கும்பிட்டிருப்பார்.

என் பிள்ளை இல்லை.

ஜெயராணி என் கையைப் பிடித்தாள். “அண்ணன்தானேப்பா?”

“ஆமா,” என்றேன். “அவன்தான்.”

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். ஊரில் ஒருவர் சொன்ன பொய்ச் சாட்சியால் இன்னொருவர் ஜெயிலுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக்கூட இவ்வளவு பெரிய பொய்யை நான் கேட்கவில்லை.

இதைச் சொல்லி முடிக்கிற வரை நானா எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு பேனையை மூடினார்.

“நான் வாசிச்ச அன்டைக்கே தெரியும் அண்ணே. படத்துக்கு ஊதினது கஜேந்திரன்ட கூட்டம். சீடிக்கு வேற நாட்டுல, வேற ஆக்கள வச்சித் திரும்ப ஊதியீக்காங்க. போன வருசம் மார்ச்சில. அதுல தெளிவா அடிச்சீக்கி.”

போன வருஷம் மார்ச். அவன் செத்து மூன்று மாதம் கழித்து.

“ஏன் நானா சொல்லல?”

“முப்பது வருசம் அடுத்தவன்ட கஷ்டத்த எழுதினவன் நான். இத செல்ல வாய் வரல்ல. நீங்க அத ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு இருந்தீங்க.”

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நான் ஜெயராணிக்குச் செய்ததைத்தான் அவர் எனக்குச் செய்தார்.

7 ஏப்ரல், ஞாயிறு

மறுபடியும் வேன், மறுபடியும் பதினேழாவது. போன ஞாயிறும் இப்படித்தான். ஜெயராணி பவாஸுக்கு முறுக்கு கட்டிக்கொண்டு வருகிறாள். நான் கண்ணை மூடிக்கொண்டு உட்காருகிறேன். ஊதுகிறவன் யாரோ. அவனும் ஒருத்தி பெற்ற பிள்ளை. பிழை சொல்ல ஒன்றும் இல்லை, நல்லாத்தான் ஊதுறான். அதுதான் தாங்க முடியவில்லை. பாவி, ஒரு இடத்திலாவது தடுமாற மாட்டானா?

அவனுடைய பாட்டும் இப்போது எனக்கு மனப்பாடம்.

13 ஏப்ரல், சனி

வருஷப் பிறப்பு. பால் பொங்கியது. கஜேந்திரனின் படத்துக்குப் பூ வைத்தோம். ஜெயராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டால், ஒன்றுமில்லை என்கிறாள்.

21 ஏப்ரல், ஞாயிறு

வேன் இல்லை. சீசன் என்று பவாஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்கு ஹயர் போய்விட்டான். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி.

மூன்று மணி இருக்கும். ஜெயராணி போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அந்தத் திமிங்கிலப் படம். புயல் தொடங்குகிற இடத்தில் நிறுத்தி வைத்திருந்தாள்.

“இத ஏன் பிள்ள?”

“சும்மா கேளுங்கப்பா.”

கண்ணை மூடினேன். காற்று. இடி. அந்தப் பெண் கத்துகிறாள். அடியில் எங்கேயோ ஹோர்ன், போன வருஷம் கேட்ட மாதிரியே மங்கலாக. ஆனால் இந்தத் தரம் என் தலைக்குள் அந்த மற்றவன் கூடவே ஊதிக்கொண்டு வந்தான். ரெண்டும் ஒன்றாகவே போனது, ஏறுகிற இடத்தில் ஏறி, இறங்குகிற இடத்தில் இறங்கி. கடைசி இழுவை வந்தது. மற்றவன் நிற்காமல் போனான்.

இது நின்றது.

நாலாம் நம்பர் ரோலர் ஒரு சுற்றுத் தவறின மாதிரி. கண் இமைக்கிற நேரம். இடி எதை மூடினாலும் அந்த இல்லாத இடத்தை மூட அதற்குத் தெரியவில்லை. பிறகு மறுபடி தொடங்கினான்.

என் பிள்ளை. மூச்சு எடுத்தான்.

இன்னொரு தரம் போடச் சொன்னேன். இன்னொரு தரம். ஏழு தரம் போட்டாள். ஏழு தரமும் எடுத்தான்.

“கேக்குதாப்பா?”

“கேக்குது. ஒனக்கு?”

“எனக்கு இடிதான் கேக்குது,” என்றாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். “அந்த சீடிப் புத்தகத்த வந்த அன்னைக்கே வாசிச்சிட்டேன். அது அண்ணன் இல்லன்னு தெரியும். வேன்ல நீங்க ஆமான்னு சொன்னீங்களே, அதுக்குத்தான் அழுதேன்.”

பிறகு அவள் தேத்தண்ணி வைக்க எழும்பினாள்.

23 ஏப்ரல், செவ்வாய்

ஷஹ்மா நேற்று டவுனில் கண்டு கேட்டாள், “அங்கிள், அந்த சீடி எடுத்தது பெறுமதிதானா?” என்று. ஆமாம் என்றேன். இந்தத் தரம் பொய் இல்லை.

நானாவுக்கும் போட்டுக் காட்டினேன். காதைப் போனில் வைத்துக்கொண்டு மூன்று தரம் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை என்று ஒத்துக்கொண்டார்.

“ஆனா எழுதுறன் அண்ணே,” என்றார். “நீங்க செல்லுங்க.”

28 ஏப்ரல், ஞாயிறு

சீடியை ஜெயராணி அலுமாரியில் அவனுடைய கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்று மணிக்குப் போனை எடுத்து அந்த இடத்தைப் போட்டுத் தந்துவிட்டுத் துணி துவைக்கப் போனாள்.

மூச்சு எடுக்கிற வரை காத்திருந்தேன். பிறகு இந்த வாரத்துச் செய்திகளைச் சொன்னேன். கலஹா ரோட்டில் மண் சரிந்து பஸ் இல்லை. என் முழங்கால் பரவாயில்லை. தங்கச்சி நல்லா இருக்கிறாள்.